ஜேம்ஸை விடுங்கள், சான்போர்னைப் பாருங்கள்

'தி ஹர்ட் லாக்கர்' என்ற அமெரிக்கப் போர்ப்படம் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லாரும் ஜேம்ஸைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஜெரமி ரென்னர் நடித்த அந்த சார்ஜென்ட் வில்லியம் ஜேம்ஸ், கவச உடையைக் கழற்றி வீசிவிட்டு வெடிகுண்டு முன்னால் சம்மணம் போடாத குறையாக உட்காருகிறவன், 873 குண்டுகளைச் செயலிழக்க வைத்ததாக மேலதிகாரியிடம் சொல்கிறவன். சரி, பேசட்டும். எனக்கு அந்தப் படம் மனசில் நிற்பதற்குக் காரணம் அவன் இல்லை. அவனுக்குப் பின்னால் துப்பாக்கியோடு நின்று, நாலு பக்கமும் மாடிகளையும் ஜன்னல்களையும் பார்த்துக்கொண்டே, ரேடியோவில் "என்ன தெரிகிறது, சொல், எங்கே இருக்கிறாய்" என்று விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறானே சான்போர்ன், அவன்தான் காரணம். அந்தோணி மக்கி நடித்த பாத்திரம். அந்தப் படத்தில் வேலை தெரிந்த ஆள் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் நான் சான்போர்னைத்தான் காட்டுவேன். (கதை முழுக்க இங்கே வரும். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.)

கதை நடப்பது 2004, பாக்தாத். திரைக்கதை எழுதிய மார்க் போல் பத்திரிகையாளர். அந்த ஆண்டு ஈராக்கில் அமெரிக்க ராணுவத்தின் வெடிகுண்டு செயலிழப்புக் குழு ஒன்றோடு கூடவே சுற்றியவர். கேத்ரின் பிகலோ இயக்கம். பக்கத்து நாடான ஜோர்டானில் 2007-ல் எடுத்தார்கள். 2010 மார்ச்சில் ஆறு ஆஸ்கர் வாங்கியது, சிறந்த இயக்குநர் விருது ஒரு பெண்ணுக்குப் போனது அதுவே முதல் தடவை. இதெல்லாம் பலருக்குத் தெரிந்த விஷயம்.

படம் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. அந்த ஊரில் அவ்வளவு வெடிமருந்து எங்கிருந்து வந்தது? 2003 படையெடுப்புக்குப் பிறகு சதாம் அரசின் ஆயுதக் கிடங்குகள் பல, காவல் போட ஆளில்லாமல் திறந்து கிடந்தன. பாக்தாதுக்குத் தெற்கே இருக்கும் அல் கக்கா கிடங்கிலிருந்து மட்டும் சுமார் 377 டன் உயர்ரக வெடிமருந்து காணாமல் போனதாக 2004 அக்டோபரில் சர்வதேச அணுசக்தி முகமைக்கு ஈராக் அரசே தெரிவித்தது. அதுபோக நாடு முழுக்கப் பழைய பீரங்கி குண்டுகள். சாலையோரக் குண்டு செய்கிறவனுக்குப் பெரிய தொழிற்சாலையோ வெளிநாட்டுச் சரக்கோ தேவைப்படவில்லை, எல்லாம் காலடியிலேயே கிடந்தது. ஈராக்கில் அமெரிக்கப் படைக்கு அதிக உயிர்ச்சேதம் வந்ததும் இந்தச் சாலையோரக் குண்டுகளால்தான். ஜேம்ஸ் மண்ணைத் தள்ளி வெளியே எடுக்கும் ஒவ்வொரு பீரங்கி குண்டையும் இந்த நினைப்போடு பார்த்தால் படம் வேறு மாதிரித் தெரியும். யாரும் காவல் காக்காமல் விட்ட கிடங்குக்கு இப்போது மூன்று பேர் நடுத்தெருவில் நின்று விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் காட்சியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் சான்போர்ன் யார் என்பது அங்கேதான் இருக்கிறது. ஜேம்ஸ் வருவதற்கு முன் அந்தக் குழுவின் தலைவன் தாம்சன். குண்டை நோக்கி ஒரு சின்ன ரோபோ போகிறது, பின்னால் ஒரு குட்டி வண்டியை இழுத்துக்கொண்டு. குண்டை அங்கேயே வெடிக்க வைப்பதற்கான மருந்து அந்த வண்டியில் இருக்கிறது. பாதி வழியில் வண்டியின் சக்கரம் கழன்றுவிடுகிறது. அவ்வளவுதான், ஒரு சக்கரம். இனி ஆள்தான் போக வேண்டும். தாம்சன் கவச உடையைப் போட்டுக்கொண்டு நடக்கிறான், மருந்தை வைக்கிறான், திரும்பி வருகிறான். அவன் செய்தது எதிலும் தப்பில்லை. அப்போது இறைச்சிக் கடை வாசலில் ஒருவன் கையில் செல்போன் இருப்பதைக் குழுவின் மூன்றாவது ஆளான எல்ட்ரிட்ஜ் பார்க்கிறான். கீழே போடு, கீழே போடு என்று கத்துகிறார்கள், ஓடுகிறார்கள், சுட வாகு கிடைக்கவில்லை. அவன் பொத்தானை அழுத்திவிடுகிறான். வெடிப்பை பிகலோ மெதுவாக்கிக் காட்டுகிறார்: தரையில் கிடக்கும் பொடிக்கற்கள் மேலே எழும்புகின்றன, பழைய கார் ஒன்றின் மேலிருந்து துரு உதிர்ந்து பறக்கிறது, அப்புறம்தான் தாம்சன் விழுகிறான். ஹெல்மெட் கண்ணாடிக்கு உள்பக்கம் ரத்தம்.

எல்லாம் விதிப்படி செய்தும் ஆள் போய்விட்டான். இதைக் கண்ணால் பார்த்துவிட்டு, அவன் பெட்டியைக் கட்டி அனுப்பிவிட்டு, மறுபடி அதே விதிகளைப் பிடித்துக்கொண்டு நிற்பவன்தான் சான்போர்ன். விதிகளால் உயிர் கட்டாயம் தப்பும் என்று அவன் நம்புகிறான் என்று எனக்குத் தோன்றவில்லை. அவை இல்லாவிட்டால் கொஞ்சநஞ்சம் இருக்கிற வாய்ப்பும் போய்விடும் என்பது அவனுக்குத் தெரியும். அந்த வித்தியாசத்தை மக்கி முகத்தில் கொண்டு வருகிறார், வசனமே இல்லாமல்.

நிஜத்தில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் சான்போர்ன் ஏன் அவ்வளவு எரிச்சல்படுகிறான் என்பது புரியும். வண்டி நின்றதும் முதலில் சுற்றி ஐந்து மீட்டர், இறங்கிய பின் இருபத்தைந்து மீட்டர், தரையைத் துருவிப் பார்க்க வேண்டும். காரணம், முதல் குண்டு பல நேரங்களில் தூண்டில் புழு மாதிரி. அதை எடுக்க வருகிறவர்களுக்கென்றே இரண்டாவது குண்டு பக்கத்தில் காத்திருக்கும். அப்புறம் மக்களைத் தூரத்துக்கு அனுப்பி வளையம் போட வேண்டும். செல்போன், ரிமோட் அலைகளை மறிக்கும் ஜாமர் வண்டியில் ஓடிக்கொண்டிருக்கும். (அலையை மறித்தால் எதிராளி வயருக்கு மாறுவான், வயரைத் தேடக் கற்றுக்கொண்டால் மிதித்தால் வெடிக்கும் தட்டுக்கு மாறுவான். அந்தப் போர் முழுக்க இப்படித்தான் போனது.) அதற்கும் பிறகு ரோபோ. ரோபோவால் முடிந்தவரை ரோபோவே செய்யும்: வெடிமருந்து வைத்து அங்கேயே தகர்க்கும், அல்லது மிக வேகமான நீர்த்தாரையால் குண்டின் சுற்றைச் சிதைக்கும். எதுவுமே முடியாதபோதுதான் ஆள் நடப்பது. அந்த உடை மட்டுமே 35 கிலோவுக்கு மேல் இருக்கும், பாக்தாத் கோடையில் வெயில் 45 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், அதைப் போட்டுக்கொண்டு குனிவதே பாடு. இவ்வளவு கவசத்திலும் கைகள் மட்டும் வெறுமையாகவே இருக்கும். விரலுக்கு உணர்வு வேண்டுமே.

ஆக, இந்தத் தொழிலின் கெட்டிக்காரத்தனம் என்பது குண்டுக்கும் மனித உடம்புக்கும் நடுவில் முடிந்த அளவு தூரத்தை வைத்திருப்பது. சினிமாவுக்கோ ஆள் கிட்டே போனால்தான் காட்சி. ஜேம்ஸ் என்ற பாத்திரம் பிறந்ததே அந்த இடைவெளியில்தான் என்று நினைக்கிறேன்.

வந்த முதல் நாளே அவன் தன் அறை ஜன்னலை மறைத்திருக்கும் பலகையைக் கழற்றுகிறான், வெயில் வேண்டுமாம். அது மார்ட்டர் குண்டுக்காக வைத்தது என்று சான்போர்ன் சொல்கிறான். முதல் வேலையில் ரோபோவே வேண்டாம் என்று நடக்கிறான், போகிற வழியில் புகைக்குண்டு ஒன்றை எறிகிறான். புகையில் எதிரிக்கு அவன் தெரியமாட்டான், சரிதான். ஆனால் அவனைக் காப்பாற்ற வேண்டிய சான்போர்னுக்கும் எல்ட்ரிட்ஜுக்கும்கூடத் தெரியமாட்டான். அந்தக் காட்சியில் பார்வையாளர்கள் எல்லாரும் ஜேம்ஸோடு புகைக்குள் நடந்துவிடுகிறோம். அவன் ஒரு வயரைப் பிடித்து இழுக்க, தன்னைச் சுற்றி மண்ணுக்குள்ளிருந்து ஒன்றோடொன்று கட்டிய பீரங்கி குண்டுகள் வட்டமாக மேலே வருகின்றன, பிரமாதமான காட்சி, மறுக்கவில்லை. ஆனால் அந்த நிமிஷம் சான்போர்ன் என்ன செய்துகொண்டிருக்கிறான்? பதில் வராத ரேடியோவில் பேசிக்கொண்டிருக்கிறான். அடுத்த தடவை பார்க்கும்போது ஹெட்போன் போட்டுக்கொண்டு அந்தக் குரலை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். கோபம் மாதிரிக் கேட்கும், கோபம் பாதிதான்.

ஐ.நா. கட்டிடத்துக்கு முன்னால் நிற்கும் கார், என் கணக்கில் படத்தின் மையம் அதுதான். டிக்கி நிறைய வெடிமருந்து. ஜேம்ஸ் கவச உடையைக் கழற்றிவிடுகிறான்: எப்படியும் செத்துப்போவேன், சௌகரியமாகச் சாகிறேன் என்கிறான். கைதட்டல் வாங்கும் வசனம். ஆனால் தர்க்கத்தைப் பாருங்கள், அவன் சாவது மட்டும்தான் கணக்கில் இருக்கிறது. கூட இரண்டு பேர் மொட்டை மாடியில் வெட்டவெளியில் நிற்கிறார்கள். சுற்றி ஒவ்வொரு மாடியிலும் ஆட்கள் கூடுகிறார்கள், ஒருவன் வீடியோ கேமராவில் படம் எடுக்கிறான், அவன் யாருக்கோ கைகாட்டுகிறான், கோபுரத்தில் இன்னும் சிலர். வேடிக்கை பார்க்கிறவர்களா, பொத்தான் வைத்திருப்பவர்களா? சான்போர்ன் முடிவு எடுக்க வேண்டும். கட்டிடத்தில் இருந்தவர்களை வெளியேற்றியாகிவிட்டது, இனி இங்கே நிற்க அவசியம் இல்லை, போகலாம் என்கிறான். ஜேம்ஸ் ரேடியோவைக் காதிலிருந்து கழற்றி எறிந்துவிட்டான்.

வேலை முடிந்ததும் சான்போர்ன் அவன் முகத்தில் ஒரு குத்து விடுகிறான், இனி ரேடியோவைக் கழற்றாதே என்கிறான். உடனே ஒரு கர்னல் வருகிறார், ஜேம்ஸைப் புகழ்கிறார், எத்தனை குண்டு எடுத்தாய் என்று கேட்டு 873 என்ற பதிலில் பூரித்துப்போகிறார். அந்த எண்ணிக்கையைக் கேட்க ஒரு கர்னல் இருக்கிறார். எத்தனை தடவை கூட நின்றவர்களை உயிரோடு திருப்பிக் கூட்டி வந்தாய் என்று சான்போர்னைக் கேட்க யாரும் இல்லை. ராணுவத்தில் மட்டுமா இப்படி?

சான்போர்னை நான் புனிதனாக்குகிறேன் என்று நினைக்க வேண்டாம், படமும் அவனைப் புனிதனாக்கவில்லை. பாலைவனத்தில் பிடிபட்ட வெடிபொருட்களைத் தகர்க்கப் போகிறார்கள், ஜேம்ஸ் கையுறையை மறந்துவிட்டேன் என்று மறுபடி கீழே வண்டியில் போகிறான். தகர்க்கும் பொத்தான் சான்போர்ன் கையில். இந்தக் கருவிகள் தானாகவே வெடித்துவிடுவது சகஜம், விபத்து நடக்கும்தானே என்று எல்ட்ரிட்ஜிடம் மெல்லப் பேச்சு விடுகிறான். எல்ட்ரிட்ஜ் விக்கித்துப்போகிறான். கொஞ்ச நேரம்தான் அந்தக் காட்சி, ஆனால் அதைவிட பயங்கரமான இடம் இந்தப் படத்தில் இல்லை. ஒரு பொறுப்பான மனிதனை, எல்லாரையும் உயிரோடு வீட்டுக்கு அனுப்ப நினைக்கிறவனை, தன் ஆளையே கொன்றால் என்ன என்று யோசிக்கும் இடத்துக்கு ஜேம்ஸின் வீரம் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

அப்புறம் அந்த ஸ்னைப்பர் காட்சி வருகிறது, நான் இந்தப் படத்தை மன்னிக்க நினைக்கும் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு காட்சி போதும். தூரத்தில் ஒரு கட்டிடம், கானல், நீண்ட துப்பாக்கியோடு குப்புறப் படுத்திருக்கும் சான்போர்ன், பக்கத்தில் தொலைநோக்கியோடு ஜேம்ஸ். தோட்டாக்கள், கூட இருந்து சுடப்பட்டுச் செத்தவனின் ரத்தத்தில் ஊறிப்போய்த் துப்பாக்கி சிக்கிக்கொள்கிறது. எல்ட்ரிட்ஜ் எச்சில் தொட்டுத் தோட்டா ஒவ்வொன்றாகத் துடைக்கிறான், கை நடுங்குகிறது. ஈ வந்து சான்போர்ன் முகத்தில் உட்காருகிறது, அவன் அசையவில்லை. மணிக்கணக்கில் கிடக்கிறார்கள். ஜேம்ஸ் ஒரு ஜூஸ் பாக்கெட்டைப் பிரித்து, தான் குடிக்காமல், ஸ்ட்ராவை சான்போர்ன் வாயில் வைக்கிறான். கண்ணை எடுக்காமல் சான்போர்ன் உறிஞ்சுகிறான். எதிரில் அசைவு நின்ற பிறகும், நிஜமாகவே நின்றுவிட்டதா என்று தெரியாததால், பொழுது சாயும்வரை அப்படியே கிடக்கிறார்கள். ஜேம்ஸுக்கும் பொறுமை உண்டு, கூட இருப்பவனைக் கவனிக்கத் தெரியும், எல்ட்ரிட்ஜின் பதற்றத்தை அடக்கி 'நீயே முடிவு செய்' என்று நம்பிக்கை கொடுக்கவும் தெரியும். இவ்வளவும் தெரிந்தவன்தான் மற்ற நாட்களில் அப்படி நடந்துகொள்கிறான் என்பது இன்னும் கோபத்தைக் கிளப்புகிறது.

படம் வந்தபோது நிஜத்தில் இந்த வேலை செய்த ராணுவத்தினர் பலர் குறை சொன்னார்கள். மூன்று பேர் துணைப்படை இல்லாமல் ஒற்றை வண்டியில் பாக்தாதைச் சுற்ற முடியாது, இப்படி ஒருவன் நடந்துகொண்டால் அந்த வேலையில் நீடிக்க முடியாது, நள்ளிரவில் தனியாக முகாமை விட்டு ஊருக்குள் ஓட முடியாது என்றார்கள். எல்லாம் நியாயமான குறைதான். அந்தத் தொழிலில் ஒரு வாசகம் உண்டு: முதல் முயற்சியிலேயே வெற்றி, இல்லையென்றால் முழுத் தோல்வி. இப்படி ஒரு வாசகத்தை வைத்துக்கொண்டு வாழ்கிறவர்களிடம் போய் ஜேம்ஸைக் காட்டினால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அவர்களின் குறை அத்தனையையும் படத்துக்குள்ளேயே ஒருவன் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவர்கள் சான்போர்னின் கட்சி.

ஈராக்கியர்கள் விஷயத்தில் மட்டும் எனக்குச் சமாதானம் இல்லை. நூறு முகங்கள் வருகின்றன, எல்லாம் மாடியிலிருந்து பார்க்கிற முகங்கள். டிவிடி விற்கும் சிறுவன் ஒருவன், பெக்கம் என்று கூப்பிடுகிறார்கள். அவன் செத்துவிட்டான் என்று நினைத்து ஜேம்ஸ் ஒரு பேராசிரியர் வீட்டுக்குள் துப்பாக்கியோடு நுழைகிறான். அவரோ அமைதியாக உட்காருங்கள் என்கிறார், அவர் மனைவி அடித்து விரட்டுகிறார். பிறகு அந்தச் சிறுவன் உயிரோடு ஓடி வந்து பேசும்போது ஜேம்ஸ் திரும்பிப் பார்க்காமல் போகிறான். சிப்பாய்க்கு இந்த மக்களை அடையாளம் தெரியவில்லை என்பதைக் காட்டுகிறார்கள், புரிகிறது. ஆனால் படத்துக்கும் அவர்களை அடையாளம் தெரியவில்லையே. அந்தத் தெருவில் குடியிருப்பவர்களுக்குத்தான் ஒவ்வொரு குண்டும் நிரந்தர அண்டைவீடு.

இந்தக் குறைக்கு மருந்தாக இன்னொரு படம் இருக்கிறது, 2017-ல் வந்த 'தி டீமைனர்' என்ற ஆவணப்படம். ஃபாகிர் பெர்வாரி என்ற குர்து அதிகாரியைப் பற்றியது. சதாம் ஆட்சி விழுந்த பிறகு மொசூலில் குண்டு எடுக்கத் தொடங்கியவர். பெரும்பாலும் கையில் வயர் வெட்டும் இடுக்கியும் கத்தியும்தான், கவச உடை கிடையாது. ஒரு காலை இழந்து வீட்டில் இருந்தவர், ஐ.எஸ். அமைப்பு ஊர் ஊராக வீடுகளுக்குள் குண்டு வைத்துவிட்டுப் போனபோது செயற்கைக் காலோடு மறுபடி கிளம்பினார். 2014-ல் அப்படி ஒரு வீட்டில்தான் இறந்தார். அவர் வேலை செய்யும்போது எடுத்த பழைய வீடியோக்களிலிருந்தே பெரும்பகுதிப் படம் உருவாகியிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் அவரும் ஜேம்ஸ் மாதிரித்தான்: கிட்டே போகிறார், கையால் எடுக்கிறார். ஆனால் ஜேம்ஸ் இருக்கும் உடையைக் கழற்றிப் போடுகிறான், ஃபாகிருக்குக் கழற்ற உடையே இல்லை. அந்த வீட்டுக்கு நாளைக்கு ஒரு குடும்பம் திரும்பி வரும் என்பதால் அவர் உள்ளே போகிறார். இரண்டையும் ஒரே வீரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜேம்ஸுக்கு மாற்றாக ஹர்ட் லாக்கர் என்ன வைத்திருக்கிறது என்பது கடைசிப் பகுதியில் தெரிகிறது. அதற்கு முன்பே எல்ட்ரிட்ஜ் போய்விட்டான். இருட்டுச் சந்துக்குள் தேவையே இல்லாமல் ஜேம்ஸ் இழுத்துப்போன இரவில் காலில் குண்டு பட்டு, அதுவும் ஜேம்ஸின் குண்டு, ஹெலிகாப்டரில் ஏறும்போது கத்தித் தீர்க்கிறான். உன் சாகசப் போதைக்காக என்னைக் கொண்டுபோனாய் என்பதுதான் அந்தக் கத்தலின் சாரம். பிறகு, உடம்பில் மற்றவர்கள் குண்டைப் பூட்டிவிட்ட ஒரு மனிதன் வருகிறான். எனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், காப்பாற்றுங்கள் என்று அழுகிறான். பூட்டுகள் அதிகம், நேரம் இல்லை. சான்போர்ன் ஜேம்ஸின் பக்கத்தில் நிற்கிறான், போய்விடலாம் என்கிறான், ஆனாலும் உடனே ஓடிவிடவில்லை. ஜேம்ஸ்தான் அவனைப் போகச் சொல்கிறான். பயப்படுகிறவன் எவ்வளவு தூரம் கிட்டே வருவான் என்பதை அளக்க அந்தச் சில நொடிகள் போதும்.

திரும்பும் வழியில், வண்டியில், சான்போர்ன் உடைந்துபோகிறான். நான் செத்தால் பெற்றோரைத் தவிர யாருக்கும் ஒன்றுமில்லை, எனக்கு ஒரு மகன் வேண்டும் என்கிறான். நீ எப்படி இப்படித் துணிகிறாய் என்று ஜேம்ஸைக் கேட்கிறான். ஜேம்ஸுக்குத் தெரியவில்லை, யோசிப்பதில்லை என்கிறான். யோசிக்காதவனுக்காகவும் சேர்த்து இத்தனை நாள் யோசித்தவன் பக்கத்து சீட்டில் அழுதுகொண்டிருக்கிறான்.

அமெரிக்கா போன ஜேம்ஸுக்கு சூப்பர் மார்க்கெட்டில் ஒரு தானிய டப்பா தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை, இதைப் பலரும் எழுதிவிட்டார்கள். மறுபடி கிளம்பி வருகிறான், இன்னொரு படைப்பிரிவுக்கு, 365 நாட்களுக்கு. உடையைப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கிறான், பாட்டு ஒலிக்கிறது. எனக்குக் கேட்கத் தோன்றுவது ஒன்றுதான்: அந்தப் புதிய குழுவில் அவனுக்குப் பின்னால் ரேடியோவோடு நிற்கும் இரண்டு பேர் யார்? அவர்களுக்கும் பெற்றோர் இருப்பார்கள், மகன் வேண்டும் என்ற ஆசையும் இருக்கலாம், ரேடியோவில் கூப்பிட்டால் இவன் பதில் சொல்லமாட்டான் என்பது மட்டும் அவர்களுக்கு இன்னும் தெரியாது. இந்தக் கதையை அவர்களில் ஒருவன் பக்கத்திலிருந்து யாராவது எடுத்தால், முதல் நாள் முதல் காட்சிக்கு நான் போவேன்.